கரும்பச்சையில் கொஞ்சம் நீலம்

"கிழவன் என்னவாம்?" என்று குகதாசன் மூன்றாம் தரமாகக் கேட்டபோது, மனைவி சுமித்திரா அவருடைய முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். தலையணை நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் நிமிர்த்தினால் அந்தப் பக்கம் சரிந்தார்.

"இன்னும் ஒண்டும் வரேல்லையப்பா" என்றாள்.

அது பொய். முந்தாநாளே வந்துவிட்டது. அயர்லாந்திலிருந்து டோனல் என்ற கிழவர் எழுதிய ஐந்தாறு வரிகள் அவளுடைய போனில் கிடந்தன. அனுப்பிய ஐந்து பெட்டிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. வேலை வழக்கம்போல் துப்புரவு. ஆனால் பச்சை பிழை. ஐந்தும் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. இந்த நிறத்தில் எங்கள் நாட்டில் எந்தக் காலத்திலும் றெயில் ஓடியதில்லை. திருப்பி அனுப்புகிறேன், மன்னிக்கவும்.

ஒரு சாண் நீளமான றெயில் பெட்டிகள் அவை. விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் குகதாசனுக்குக் கோபம் வரும், டோனலுக்கு அதைவிடக் கோபம் வரும். கிளிநொச்சியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த குகதாசன், தொண்ணூறுகளின் கடைசியில் எப்படியோ அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து, டோனலின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, கிழவர் தனியாக ஒரு றெயில்வே நடத்தினார். அகதி விண்ணப்பம் கடைசியாகவும் தள்ளுபடியாகிக் குகதாசன் ஊர் திரும்பிய பிறகு, நிறம் பூசாத வெள்ளைப் பெட்டிகள் பொதிகளில் முரசுமோட்டைக்கு வரத் தொடங்கின. திரும்பிப் போகும்போது அவை எழுபது வருடத்துக்கு முந்தின றெயிலாகப் போகும்.

எந்த ஆண்டில் எந்தப் பச்சை, கோடு எத்தனை, இலக்கம் எந்த மூலையில் என்று இரண்டு பேரும் பன்னிரண்டு வருடமாகக் கடல் கடந்து சண்டை பிடித்தார்கள். அந்தக் கரும்பச்சை றெயிலைக் குகதாசன் கண்ணால் கண்டதில்லை. அவர் அந்த நாட்டில் கால் வைக்க நாற்பது வருடத்துக்கு முன்பே அது போய்விட்டது. டோனலிடம் ஒரு பழைய வண்டியில் கழற்றிய தகரத் துண்டு இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பச்சையைத் தலைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன் என்பார். உண்மைதான். சென்ற வருடம் வரைக்கும் அந்தத் தலைக்குள் இருந்த பச்சை ஒரு துளியும் பிசகவில்லை.

பிசகியது இந்த வருடம். நெஞ்சு பலவீனமாகி, புதிதாக ஒரு மருந்துக் குளிசை தொடங்கினார்கள். தை மாதம் ஒரு நாள், "சுவரெல்லாம் மஞ்சளாக் கிடக்கு, ஒருக்கால் வெள்ளை அடிக்கவேணும்" என்றார். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. வருத்தக்காரரின் நோய்ப் பேச்சு என்று சுமித்திரா அதை விட்டுவிட்டாள். போன கிழமை, இனிச் செய்ய ஒன்றுமில்லை வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று சொன்ன டொக்டர்தான், பேச்சோடு பேச்சாக, அந்தக் குளிசை சில பேருக்குக் கண்ணில் மஞ்சள் காட்டும் என்றார். மேசையில் மூன்று நீல எனாமல் பெயிண்ட் டின்கள் காலியாகக் கிடந்தது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பச்சை மஞ்சளாகத் தெரியத் தெரிய மனுசன் நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவள் கண்டவள். அதுதான் நெஞ்சைப் பிடுங்கியது. பங்குனியில் பெட்டிகளைப் பஞ்சு சுற்றிப் பொதி கட்டும்போது, "கொஞ்சம் நீலமாக் கிடக்கேல்லையே?" என்று கேட்டாள். "நீர் கணக்கு ரீச்சர். கணக்கைப் பாரும்" என்றார். அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"வந்திட்டுது" என்றார் குகதாசன். "உம்மடை முகத்திலை கிடக்கு. சொல்லும்."

"ஓம், வந்தது. எல்லாம் நல்லா இருக்காம். ஒரு பிழையும் இல்லையாம்."

அவர் கண்ணைத் திறந்தார். மூச்சு ஒரு தரம் இழுபட்டது.

"கிழவன் அப்பிடிச் சொல்லான்."

உண்மைதான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரம்கூட டோனல் குற்றம் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. நல்ல சொல் சொன்னதாகப் பொய்க்கும் நம்ப வைக்க முடியாத ஆளாகப் பார்த்துத்தான் இந்த மனுசன் சிநேகம் பிடித்திருக்கிறார்.

"என்னத்தை மறைக்கிறீர்? பெரிய பிழையோ?"

"பெரிசில்லை..." அவளுக்கு இதில் என்ன தெரியும்? எந்தக் குற்றத்தைச் சொன்னால் அவர் தாங்குவார்? ஜன்னலோரம் ஆறாவது பெட்டி இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைக் குகதாசனுக்கென்றே கிழவர் கூடுதலாக அனுப்புவார். ஊரில் யாராவது பிள்ளைகள் ஆசைப்பட்டால் அவரும் கொடுத்துவிடுவார். அதன் பக்கவாட்டில் ஜன்னலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மெல்லிய வெளிர்பச்சைக் கோடுகள் ஓடின. "கோடாம். மேல் கோடு வராதாம். ஒண்டுதானாம் வரவேணும்."

குகதாசனின் முகத்தில் இரத்தம் ஏறியது. இரண்டு கிழமையாகக் காணாத இரத்தம்.

"ஒண்டோ? அது பிறகு வந்த இளம்பச்சைக்கெல்லோ! இது அதுக்கு முந்தினது. முந்தினதுக்கு ரெண்டு. எழுதும், எழுதும். போனை எடும்."

அவள் போனை எடுத்தாள். அவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். நீர் எனக்குக் காட்டின படத்தையே போய்ப் பாரும் என்று எழுதச் சொன்னார். ஏணியில் ஏறப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தால் ஆரையும் ஏத்திப் பார்க்கச் சொல்லும் என்று எழுதச் சொன்னார். அவள் விரலை வெறுமனே திரையில் ஓடவிட்டாள்.

"அனுப்பியாச்சோ?"

"ஓம்."

சரிந்து படுத்தார். வெற்றிதான். உதட்டின் ஓரத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

"கிழவனுக்கு வயது போட்டுது" என்றார். "கண் பிடிக்கேல்லைப் போல. பாவம்."

சுமித்திரா குசினிக்குப் போய், அழுதுவிட்டு, சுடுதண்ணீரோடு வந்தாள். இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது கரண்டி வாயோரத்தால் வழிந்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் பந்தல் போட்டு, பறை வந்து, ஐயரும் வந்துவிட்டார். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் குகதாசன் சவப்பெட்டிக்குள் கிடந்தார். அவருடைய தமையன் கதிர்காமநாதன் உள்ளே போய் ஆறாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சபைக்குக் கேட்கும்படி, "தம்பி உயிரை விட்ட சாமான். அவனோடையே போகட்டும்" என்று சொல்லி, வலது கைப்பக்கம் வைத்தார். தங்கச்சி ஜெகதீஸ்வரி, "என்ரை அண்ணை, வெள்ளைக்காரனுக்கு றெயில் விட்ட என்ரை அண்ணை" என்று குரலெடுத்தாள். கூடியிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் அந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. வடிவான நிறம் என்று பின்னால் ஒருத்தி சொன்னது கேட்டது. சுமித்திரா எழுந்து போய் றெயில் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"என்ன பிள்ளை?" என்றார் கதிர்காமநாதன்.

"இது வேண்டாம் அத்தான்."

"ஏன்? அவன்ரை சொந்தச் சாமானெல்லோ?"

நிறம் பிழை என்று வாய்வரை வந்தது. சொன்னால், சவப்பெட்டிக்குள் கிடக்கிற மனுசனைச் சபை நடுவில் வைத்துப் பிழை பிடித்ததாகும். சொல்லாவிட்டால், வாழ்நாள் முழுக்கச் சரியான நிறத்துக்கு மல்லுக்கட்டின ஆளைப் பிழையான நிறத்தோடு சுடலைக்கு அனுப்பியதாகும். பங்குனியில் வாயை மூடியது போதும் என்று இருந்தது.

"வேலை முடியேல்லை" என்றாள்.

"இனி ஆர் முடிக்கிறது?"

அவள் பெட்டியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கஞ்சத்தனமோ என்று ஒரு குரல் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

மஞ்சள் எனாமல் டின்னின் மூடி இறுகிப்போயிருந்தது. மாதக்கணக்காக அதை அவர் தொடவேயில்லை. கத்தரிக்கோல் முனையால் கிளப்பினாள். மிச்சப் பச்சையைத் தட்டில் ஊற்றி, பழைய பெட்டிகளின் படங்களைப் போனில் திறந்தாள். ஒரு படத்தில் நிழல் விழுந்து பெட்டி கறுப்பாக இருந்தது. இன்னொன்றில் வெயில் பட்டுக் கொய்யாக்காய் போல இருந்தது. இரண்டும் ஒரே பெட்டிதான். போனை மூடி வைத்துவிட்டாள்.

ஒரு சொட்டு மஞ்சள் விட்டாள். மாறவில்லை. இன்னொரு சொட்டு. பிறகு இரண்டு. திடீரென்று அது மாங்காய்ப் பச்சையாகிவிட்டது. திரும்பவும் பச்சையை ஊற்றினாள், கறுப்பில் துளி தொட்டாள். ஆயிரம் கணக்குச் செய்தவளுக்கு இதற்கு வழி தெரியவில்லை. பிழையைக் கண்ட கண்ணுக்கு, சரியை உண்டாக்கத் தெரியவில்லை என்று எண்ணி ஆத்திரப்பட்டாள். வெளியே பறையின் அடி மாறியது. ஜெகதீஸ்வரி கதவைத் தட்டினாள்.

"மச்சாள், ஐயர் நேரம் போகுதெண்டுறார். வாய்க்கரிசிக்கு வாங்கோ."

"வாறன். ரெண்டு நிமிசம்."

ஒரு பக்கத்துக்குத்தான் நேரம் இருந்தது. தட்டில் இருந்தது எந்த ஆண்டின் பச்சையோ, எந்த நாட்டின் பச்சையோ, அதை அள்ளி, இரண்டு கோடுகளிலும் படாமல் பூசினாள். பிரஷ் போகாத மூலைகளில் விரலால் தடவினாள். பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சரிபோல இருந்தது. சற்றுத் திருப்பினால் சரியில்லைபோல இருந்தது. கேட்பதற்கு, முரசுமோட்டையில் இதைத் தெரிந்த ஒரே ஆள் கூடத்தில் கிடந்தார்.

கொண்டுபோய், பூசிய பக்கம் மேலே தெரிய வைத்தாள். எனாமல் மணம் எழும்பி, ஊதுபத்தி மணத்தோடு கலந்தது. கதிர்காமநாதன் குனிந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு விலகி வழி விட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாகச் சுமித்திரா. சுளகில் கை வைத்து அள்ளி, அவருடைய வாய்க்கு நேரே கையை விரித்தாள். அரிசி விழவில்லை. காயாத எனாமலில் விரல் நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டு நின்றது. உதறினாள். இரண்டு மணி விழுந்தது.

"போடுங்கோ அம்மா" என்றார் ஐயர்.

பறையை நிறுத்திவிட்டார்கள். தூக்குவதற்கு வந்த நால்வரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். அவள் மற்றக் கை நகத்தால், விரலில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து அவருக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.