லோடாவில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பல் மருத்துவர். மாண்ட்ரியாலிலிருந்து பத்து நாள் விடுமுறைக்கு எங்கள் தீவுக்கு வந்த ஜெனவீவ் அம்மையார், பாதி நாட்கள் கடலடியில், மீதி நாட்கள் மலையில் என்று திட்டத்தோடு வந்தவர். அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வராமல்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறு தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன். தப்பிப் பிழைத்தது இது:

சூஃப்ரியேர் விரிகுடாவின் நீல ஆழத்தில், மௌனம் தன்...

(இதுவும் வேண்டாம். முப்பதடி ஆழத்தில் ஏது மௌனம்? நம் மூச்சுச் சத்தமே காதைப் பிளக்கும்.)

2

கதாநாயகன் அகஸ்டின். பயணிகளை டைவிங் கூட்டிப்போகிறவன். நாற்பத்தொரு வயது, உழைப்பாளி, அழகன். வெர்னெட்டா அதே பயணிகளை, எரிமலைச் சூட்டில் கொதிக்கும் ஏரிக்கு மலையேற்றுகிறவள். அவன் முடித்து ஒப்படைத்ததும் பயணிகள் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். ஆழத்தில் மூழ்கியவர் உடனே உயரம் ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டும்.

அகஸ்டின் ஆறு வருடமாக அவளைக் காதலிக்கிறான். அவள் அம்மா வீடு மலைமேல் லோடா கிராமத்தில், மேகத்துக்குப் பக்கத்தில். வந்து அம்மாவிடம் பேசு என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்:

"இன்னிக்குக் காலைலதான் முங்குனேன். மேல வந்தா செத்துருவேன்."

மறுத்துப் பேச முடியாத பதில். அதற்காகவே தினமும் மூழ்கினான். (கிறிஸ்துமஸ் அன்றும். அன்று பயணிகள் ஒருவரும் இல்லை.)

3

இந்த ஆள்மேல் எனக்கே சந்தேகம். சுறாவுக்கு அஞ்சாதவனுக்குச் சாப்பாட்டு மேசையிடம் என்ன பயம்? ஆசை பொய்யில்லை. அவளுக்குத் தான் ஏற்றவனில்லை என்ற பயமும் பொய்யில்லை.

போன திங்கள், விடுதி வராந்தாவில், ஜெனவீவ் அகஸ்டினிடம் கேட்டார்:

"நான் ஒரு நாள் சும்மா இருந்தா மலை ஏறலாம், இல்லையா?"

"தாராளமா ஏறலாம்மா."

"நீங்க என்னிக்கு சும்மா இருப்பீங்க?"

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த வெர்னெட்டாவின் கை நின்றது.

"கேக்குறாங்கல்ல, சொல்லு."

"கடலுக்குப் போயே பழகிப்போச்சு..."

"மீனுக்குக்கூட இவ்வளவு கடல் பைத்தியம் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு அம்மா சோறு போடுவாங்க. வந்தா வா. வரலைன்னா இனிமே என் பக்கமே வராத. உன் ஆளுங்கள வேற யார்கிட்டயாவது ஒப்படை."

4

வெள்ளிக்கிழமை இதுவரை எழுதியதையும் இரண்டு முடிவுகளையும் வெர்னெட்டாவிடம் கொடுத்தேன். பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது.

(அகஸ்டின் யாரு? யூஸ்டஸ்னு எழுதக் கை வரலையா?)

(அழகன் - அடி இத.)

(ஆறு இல்ல, ஏழு வருஷம்.)

ஆம், யூஸ்டஸ் நான்தான். 'அழகன்' என்ற இடத்திலேயே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

முதல் முடிவு: சனிக்கிழமை புதிய பயணிகள் வருகிறார்கள், கடமை அழைக்கிறது, அவன் கண்ணீரோடு மூழ்குகிறான்.

(இத ஏழு வருஷமா படிச்சுட்டேன்.)

இரண்டாவது முடிவு: அவன் போகிறான், அவள் அம்மா கட்டியணைக்கிறாள், ஏரிமேல் வானவில்.

(எங்கம்மா யாரையும் கட்டிப்பிடிக்க மாட்டாங்க. வானவில் தினம் வருது, அதுல என்ன இருக்கு.)

மூன்றாவது முடிவுக்கு ஒரு தாள் காலியாக விட்டிருந்தேன். அதில் அவள் எதுவும் எழுதவில்லை.

5

நேற்று ஆறு பேர் டைவிங் கேட்டு வந்தார்கள். என்னைப் போலவே டைவிங் கூட்டிப்போகிற டெல்ராயின் படகுக்கு அனுப்பிவிட்டேன். மலையேற இன்னும் எத்தனை மணி நேரம் என்று காட்டுகிற டைவிங் கடிகாரம் என் மணிக்கட்டில் இருக்கிறது. இன்று காலை அதில் பூஜ்யம். அந்தக் கடிகாரத்தில் பூஜ்யம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

இப்போது கீழே ரோசோ நகரில், லோடாவுக்குப் போகும் வண்டியின் படியருகே நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இது ஒன்றுதான் வண்டி. ஒரு கையில் அவள் அம்மாவுக்கு மீன் (கடைசியில் காசு கொடுத்து மீன் வாங்கினேன், டெல்ராய் சிரித்தான்). மறு கையில் அந்தக் காலித் தாளும் பென்சிலும். இந்த வரியை எப்படி எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.

"ஏறுறியா, இல்ல எழுதிட்டே நிக்கப்போறியா?" என்கிறார் ஓட்டுநர்.

ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். மீனைக் கீழே வைக்க முடியாது.

இந்தத் தாளைக் கொஞ்சம் பிடியுங்கள்.