பாதத்தைத் தூக்கும் நரம்பு

கலைச்செல்வியின் வலது பாதம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது ஐப்பசி மழைக்காலத்தில். வலி இல்லை, வீக்கமும் இல்லை. ரப்பர் மலையில் ஒரு மரத்தில் பால் வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு ஏறும்போது விரல்கள் வேரில் தட்டின. மறுநாளும் தட்டின. பிறகு சமதரையிலேயே பாதம் பலகை மாதிரி டப்பென்று விழத் தொடங்கியது. அதன் முன்பக்கம் எழமாட்டேன் என்றது. இடறாமல் இருக்க, ஓடையைத் தாண்டுகிறவள் போல முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"என்னடி, கொக்கு மாதிரி நடக்குற? மீன் புடிக்கவா போற?" என்றாள் பக்கத்து நிரையில் பால் வெட்டும் வெள்ளையம்மா.

"சிரிக்காதீங்க மதினி. கால் செத்துப்போன மாதிரி இருக்கு."

"அட்டை ஏதாச்சும் வெசமா கடிச்சிருக்கும். இறுக்கிக் கட்டு."

இலங்கையின் தெரணியகலைக்கு மேலே இருக்கும் அந்த மலையில் மழைக்காலமென்றால் புல்லுக்கு ஓர் அட்டை. அதற்காகப் பெண்கள் மேஸ் என்று சொல்லும் நீளமான பழைய காலுறைகளை முழங்கால்வரை இழுத்துவிட்டு, நழுவாமல் இருக்க சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கட்டிக்கொள்வார்கள். கலைச்செல்வியும் அப்படித்தான் கட்டுவாள். கால் தளர்ந்தபின் ஒரு சுற்றை இரண்டு சுற்றாக்கினாள். பிடிப்பு இருந்தால் பலம் வரும் என்று நினைத்தாள். தாழ்ந்த வெட்டுக்குக் குந்தி உட்காரும்போது நாடா இன்னும் இறுகி எலும்பில் பதியும். அதை நல்லதென்றே எண்ணினாள்.

பலம் வரவில்லை. ஒருநாள் நிறைவாளியோடு சரிவில் விழுந்தாள். பால் முழுக்க மழைநீர்க் கானில் வெள்ளையாக ஓடியது. ஒரு வாளிப் பால் போனதைவிட, இனி இந்த மலையில் ஏறவே முடியாதோ என்ற நினைப்புதான் அவளை அங்கேயே உட்கார வைத்தது. அவளுடைய மரங்கள் இருந்தது உச்சியில். அங்கே நொண்டிக்கொண்டு யாரும் பால் வெட்ட முடியாது.

கணவன் சுரேந்திரன், தான் வேலை செய்யும் ரப்பர் ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டொக்டர் பார்த்துவிட்டு உடற்பயிற்சிச் சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் றம்ஸியா. வரக்காப்பொல பக்கத்து முஸ்லிம் பெண், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பவள், கலைச்செல்வியைவிட வயதில் நிறையச் சின்னவள்.

"அக்கா, முன்பாதத்துல எம்பி நில்லுங்க" என்றாள்.

நின்றாள்.

"சரி. இப்ப குதிகால்ல நில்லுங்க. விரல் எல்லாம் மேல ஈக்கணும்."

இடது பாதம் எழுந்தது. வலது பாதம் அசையவில்லை. கலைச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

றம்ஸியா குனிந்து சேலையை முழங்கால்வரை விலக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கென்று தேய்த்துக் கழுவிய கால். அதில் முழங்காலுக்குக் கீழே கறுத்து ஒரு வளையம் இருந்தது.

"இது என்னக்கா?"

"மேஸுக்கு டியூப் கட்டுறது மிஸ். அட்டைக்காக."

"இறுக்கமாவா?"

"முன்ன லேசாத்தான், குந்துறப்ப மட்டும் இறுகும். கால் சரியில்லாம போனதுக்கப்புறம், பலத்துக்கு ரெண்டு சுத்து போட்டேன்."

றம்ஸியா முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே புடைத்திருக்கும் எலும்புக் குமிழைத் தேடிப் பிடித்து, அதன் கழுத்தோரம் விரலால் மெல்ல உருட்டினாள். தோலுக்கடியில் நூல்கயிறு போல ஏதோ உருண்டது. புறங்கால்வரை சுரீரென்று ஒரு மின்னல் ஓடியது.

"ஓடுதா?"

"ஓடுது மிஸ்."

"அப்ப அது உசிரோட ஈக்கி" என்றாள் றம்ஸியா. முதல்முறையாகச் சிரித்தாள்.

அலுமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் காலை எடுத்து வந்தாள். தோல் இல்லாத கால். சிவப்புச் சிவப்பாகத் தசைகள், அவற்றின் முனையில் வெள்ளை நாண்கள், நடுவே மஞ்சள் நூலாக நரம்பு. ஒவ்வொரு தசையாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இந்த நரம்பு இடுப்புல இருந்து ஒரு விரல் தடிப்பத்துல வருது. தொடைக்குப் பின்னால இறங்கி, முழங்காலுக்கிட்ட ரெண்டாப் பிரியும். ஒண்டு கெண்டைக்காலுக்குப் போகுது. அதுதான் நம்மள மேட்டுல தள்ளுறது. மத்தது இந்தா, இந்த மெல்லிய எலும்பைச் சுத்திக்கிட்டு முன்பக்கம் வருது. பாதத்தைத் தூக்குறது இதுதான். இந்த எடத்துல மட்டும் அதுக்கு மேல தோலத் தவிர வேற காவல் இல்ல."

கலைச்செல்வி பிளாஸ்டிக் காலை மடியில் வாங்கிக்கொண்டாள். கெண்டைத் தசை குதிகாலுக்கு வருவதற்குள் ஒடுங்கி ஒரே தடித்த நாணாவதைத் தடவிப் பார்த்தாள். விரல்களைத் தூக்கும் நாண்கள் கணுக்காலில் ஒரு பட்டிக்கு அடியால் நுழைந்து, பிரிந்து, தத்தம் விரலுக்கு ஒழுங்காகப் போயிருந்தன. ஒன்றோடொன்று சிக்கவில்லை. இத்தனையும் தன் தோலுக்குள் இருந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் மலை ஏறியிருக்கின்றன. பால் வாளியைச் சுமப்பது தான் ஒருத்தியே என்று நினைத்திருந்தாள்.

"கால்ல இவ்வளவு எடம் இருக்க, அந்த எடத்துலயா போய்க் கட்டினேன்?"

"மேஸ் நழுவாம நிக்கணும்னா எல்லாரும் அங்கதான் கட்டுவாங்க அக்கா. கெண்டை அதக் கீழ இறங்க விடாது. உங்கள யாரும் பிழை சொல்ல ஏலாது."

"திரும்ப வருமா மிஸ்?"

"வரும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண ஏலாது. நசுங்கி மட்டும் ஈந்தா சீக்கிரம் வரும். உள்ளுக்குப் பழுதாகி ஈந்தா மேல இருந்து வளர்ந்து வரணும். நெகம் வளர்ற மாதிரி மெதுவா. அதுவரைக்கும் மலைக்குப் போகாதீங்க. டியூப்பத் தொடவே வாணாம்."

பாதம் தொங்காமல் இருக்க ஒரு பட்டி கொடுத்தாள். இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தூக்கிப் பழகச் சொன்னாள். இடது எழும்போது வலதுக்கும் அதே எண்ணத்தை அனுப்ப வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் "ஹெமின் அக்கே, ஹெமின்" என்று சிங்களத்தில் மெதுவாக ஏறச் சொல்லிக் கைகொடுத்து ஏற்றிய கொண்டக்டர் மிதிபலகையிலேயே நின்று வந்தான். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. அவனோ சாயவில்லை. கணுக்கால் இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்கியது, முழங்கால் சற்றே மடங்கிக் குலுக்கலை விழுங்கியது. அவன் பாட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். கலைச்செல்வி தெரணியகலை வரும்வரை அவன் கால்களையே பார்த்தாள்.

அதன்பின் அவர்கள் குடியிருந்த லயத்தில் யார் காலும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. சுரேந்திரன் விறகு பிளக்கக் குந்தினால், "கொஞ்சம் அப்பிடியே இருங்க" என்பாள். தொடையும் கெண்டையும் ஒட்டி மடங்க, உடம்பின் பாரம் முழுக்க இரண்டு பாதங்களில் அமர்ந்திருக்கும் அழகைப் பார்ப்பாள்.

"என்ன புள்ள, கல்யாணத்துக்கு முன்னகூட என்னைய இப்பிடிப் பாத்ததில்லையே" என்றான் அவன்.

"உங்களப் பாக்கலங்க. முழங்கால் சில்லப் பாக்குறேன்."

"அதுவும் நான்தான்" என்றான் சுரேந்திரன், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

அவளுடைய மரங்களை வெள்ளையம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்த வெள்ளையம்மா வாசலில் நின்று, "ஒன் மரமெல்லாம் எனக்குத்தான் நல்லா பால் குடுக்குது. ஒனக்குப் பயந்துகிட்டு அடக்கி வச்சிருந்திச்சுங்க போல" என்றாள்.

கலைச்செல்வி அவள் காலுறையைக் கீழே தள்ளி, எலும்புக் குமிழோரம் ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளையம்மா துள்ளினாள்.

"என்னாடி அது, கரண்டு அடிக்குது?"

"அதுதான் மதினி ஒங்களத் தூக்கிக்கிட்டுப் போறது. அது மேல டியூப் கட்டாதீங்க."

அடுத்த நாள் வெள்ளையம்மா அகலத் துணியைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு, அட்டை ஏறாமல் இருக்க அதில் சவர்க்காரம் பூசிப் போனாள். அட்டை கடித்ததென்று வந்து திட்டினாள். ஆனாலும் டியூப்பை மறுபடி கட்டவில்லை.

மார்கழி போய் தை வந்தது. கலைச்செல்வி தினமும் சாக்கை விரித்து, கால்களை நீட்டி, இரண்டு பாதங்களுக்கும் ஒரே கட்டளை அனுப்பினாள். இடது எழும். வலது படுத்தே கிடக்கும். சில நாட்கள் அழுதாள். சில நாட்கள் பாதத்தோடு சண்டை போட்டாள். இடுப்பிலிருந்து இவ்வளவு தூரம் இறங்கி, எலும்பைச் சுற்றி வரவேண்டிய நரம்பு அது, களைத்துத்தானே இருக்கும் என்று மறுநாள் சமாதானமாவாள்.

ஒரு பின்னேரம், மழை விட்டு வெயில் வாசலுக்குள் விழுந்திருந்த நேரம், வழக்கம்போலக் கட்டளை அனுப்பினாள். இடது எழுந்தது. வலது பெருவிரல் எழவில்லை. ஆனால் புறங்காலில், பெருவிரலுக்குப் போகும் வழியில், தோலுக்கடியில் ஒரு நாண் மெல்லப் புடைத்து நின்றது. கட்டளையை விட்டாள். அது மறைந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது.

யாரையும் கூப்பிடவில்லை. விரலை அந்த நாணின் மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். அது விரலுக்கடியில் இறுகியது. இழுக்கத் தெரிந்துவிட்டது. தூக்கும் பலம்தான் இன்னும் வரவேண்டும்.

அடுத்த கிழமை பெருவிரல் தரையிலிருந்து நெல்மணி உயரத்துக்கு எழும்பியது.

"என்னங்க," என்றாள் உள்ளே பார்த்து. "இங்க வாங்க. மலைக்குப் போறதுக்கு இது கெளம்பிருச்சு."