சிவப்புக்குள் சிவப்பு

காயாம்பே என்ற மலையூரின் ரோஜாப் பண்ணையில் பன்னிரண்டு வருடமாகப் பெட்டிகளை விமானத்துக்கு அனுப்பிவந்த தார்ஹேலியாவுக்கு, அந்தப் பிப்ரவரியில் தன் கண்மீதே சந்தேகம் வந்துவிட்டது. காதலர் தினத்துக்கு ஆறு நாள் இருந்தது. நேரத்துக்குக் கிளம்பாமல் பின்தங்கிய ஆர்டர், பண்ணையின் கணினித் திரையில் கண்ணில் படாமல், அந்த வாரத்தில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். இன்னொரு முறை நடந்தால் களை பறிக்கத்தான் போக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொண்டாள்.

திரையை வடிவமைத்தவர் தலைநகர் கீத்தோவைச் சேர்ந்த இஞ்சினியர் வில்மர். ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்தந்த ரோஜாவின் படத்தையே போட்டிருந்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு! பின்தங்கிய ஆர்டரைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்புக் கோடு ஓடும்.

ஆர்டர் தவறியதை விசாரிக்க வந்த வில்மர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அரை நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இஞ்சினியரே, பொண்ணு பாக்க வந்தீங்களா? எனக்குக் கல்யாணமாகி இருவது வருசமாச்சு."

"இல்லக்கா, உங்க கண்ணு எங்கெங்க போகுதுன்னு பாக்குறேன். ஒரு ஆர்டரத் தேட நாப்பது படத்துல நின்னு நின்னு போகுது."

"கண்ணு அவுஞ்சுபோச்சு, வேறென்ன!"

வில்மர் திரும்பித் திரையைப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூறு சிவப்பு ரோஜா. நடுவில் எங்கேயோ அவருடைய சிவப்புக் கோடு. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆகஸ்டுல செஞ்சேன்க்கா. அப்ப எல்லாம் மஞ்சளும் வெள்ளையுமா இருந்துச்சு. தப்பு என்னோடது."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்த மனிதர் தன் குஞ்சு கறுப்பு என்று கூசாமல் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் திரையில் ஒரு பூகூட இல்லை. வெளிறிய சாம்பலில் பெயர்களும் எண்களும் மட்டும். பின்தங்கியது மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, கறுப்புப் பட்டையில் பெரிய எழுத்தில் வரும்.

"யாரு செத்தது?" என்று பூக்களைக் கட்டுப் போடும் பெண்கள் சிரித்தார்கள்.

"வாங்க வர்றவங்களுக்கு இனிமே எதக் காட்டுறது?" என்றார் மேலாளர்.

"பூவக் காட்டுங்க சார். உள்ள நிறைய இருக்கு," என்றார் வில்மர்.

மதியம் லாரி உறுமியது. தார்ஹேலியா திரையின் பக்கம் திரும்பினாள், தேடவே இல்லை.

"மாட்ரிட், பதினெட்டுப் பெட்டி! நாலாவது அடுக்கு, ஓடுங்க!"

கடைசிப் பெட்டியும் ஏறி லாரி வாசலைத் தாண்டியது. மேலாளர் அருகில் வந்தார்.

"கடைசியில கண்ணாடி வாங்கிட்ட போல?"

"இல்ல சார்," என்றாள். அழுகையை அடக்க அவளால் முடியவில்லை. "இத்தன நாளும் இதே கண்ணுதான்."