வெர்லின் ஊஸ்ட்ரா நொண்டிய கதை

கெல்லர்ஸ்பர்க்கில் வயதானவர்களுக்கான சாஃப்ட்பால் லீக் தொடங்கியதற்கு உண்மையான காரணம் மார்வா ஊஸ்ட்ரா. அவர் இன்றுவரை ஒரு பந்தைக்கூடக் கையால் தொட்டதில்லை. கணவர் வெர்லின் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் கோடையிலேயே, சமையலறை அலமாரிகளைத் தம் யோசனைப்படி மாற்றி அடுக்கிவிட்டார். காப்பித்தூளைத் தேடித் தேடி அலுத்துப்போன மார்வா, செவ்வாய்க்கிழமை காலைகளிலாவது எங்காவது போய்த் தொலையும்படி கேட்டுக்கொண்டார். வெர்லின் பழைய கையுறையைத் தூசி தட்டிக்கொண்டு, டயர் கடை வைத்திருந்த தம் நண்பர் டுவேன் ஹேவர்காம்ப்பைத் தேடிப் போனார். ஊரில் வெர்லினைத்தான் ஸ்தாபகர் என்கிறார்கள். அவரும் மறுத்ததில்லை.

தேவாலயத்தின் பின்பக்கத்து மைதானத்தில் முதலில் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். இரண்டு அணிக்குப் போதாது. பந்தை அடித்தவர், அது திரும்பி வருவதற்குள் மூலைகளில் இருக்கும் பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஓட வேண்டும். அடித்து முடித்தவர் கையுறையை மாட்டிக்கொண்டு பந்து பொறுக்கப் போவார், அவ்வளவுதான் விதி. பந்து சோளக்கொல்லைக்குள் போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் தேடுவார்கள். யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியாது. சாஃப்ட்பால் என்ற பெயரை நம்பி வந்தவர்களும் உண்டு. நல்ல மாதுளம்பழம் அளவுப் பந்து. மெதுவாக, கையைக் கீழிருந்து வீசி, மேலே எழும்பி இறங்கும்படிதான் போடுவார்கள். ஆனாலும் முழங்காலில் பட்டால் பெயர் வைத்தவனைத் திட்டாமல் இருக்க முடியாது.

அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஊர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்து படம் எடுத்துப் போட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒருவர், இரத்த அழுத்தம் என்று வந்தவர்களையெல்லாம் மாத்திரையோடு மைதானத்துக்கும் அனுப்பினார். மனைவியை இழந்தவர்கள் முதலில் காருக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மட்டையைக் கேட்டார்கள். இரண்டு அணி நான்காகி, நான்கு எட்டாகி, இப்போது பதினான்கு அணிகள். இன்னொரு மைதானம் வாங்கியாகிவிட்டது. ஈமச்சடங்கு நிலையம் ஒன்று தன் பெயரை முதுகில் அச்சடித்து ஓர் அணிக்குச் சட்டை கொடுத்தது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி நல்ல துணி.

கூட்டம் சேர்ந்தால் சண்டை சேராமல் இருக்குமா? ஐம்பத்திரண்டு வயதுத் தடியன்களெல்லாம் ஒரே அணியில் சேர்ந்துகொண்டு மற்றவர்களைப் புரட்டி எடுத்தார்கள். அதனால் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் என்று வைத்தார்கள். அணியின் மொத்த மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. வசந்தத்தில் தேர்வு நாள் நடக்கும். எல்லோரும் ஓடி, அடித்து, பிடித்துக் காட்ட வேண்டும். தலைவர்கள் கூடி எண் போட்டு, பிறகு முறைவைத்துத் தங்கள் அணிக்கு ஆள் எடுப்பார்கள். யாருக்கு எத்தனை என்பது தலைவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் வெட்டுக்குத்தாகிவிடும். முதல் வருடம் எண் போட்ட குழுவில் வெர்லினும் இருந்தார். தமக்குத் தாமே ஏழு போட்டுக்கொண்டார். மறுவருடம் இளையவர்களுக்கு வழிவிட்டுக் குழுவிலிருந்து விலகினாலும், அந்த ஏழு மட்டும் அவரை விட்டு விலகவில்லை.

இந்த ஏற்பாடு ஒரு புதிய குற்றத்தையும் கூடவே கொண்டுவந்தது. நன்றாக ஆடுகிறவன் தேர்வு நாளில் வேண்டுமென்றே சொதப்பி, குறைந்த எண் வாங்கி, பிறகு ஆட்டத்தில் தன் வேலையைக் காட்டுவது. அப்படிப்பட்டவனுக்கு மைதானத்தில் 'பதுங்கி' என்று பெயர். யாராவது பதுங்கி என்று சந்தேகம் வந்தால் எதிரணித் தலைவர் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து புகாராவது வரும். பதுங்கி என்று பெயர் வாங்கியவர்கள் வெளியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆள் எடுக்கும் முறை வந்த மூன்று வருடமாக வெர்லினும் டுவேனும் வெவ்வேறு அணி. அதற்கு முன்னால் எல்லாக் கோடையிலும் வெர்லின் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நின்றார், டுவேன் பக்கத்தில் மூன்றாவது பேஸில் நின்றார். இடையில் ஓயாத பேச்சு. அதில் பாதி வசவு. இப்போது வெர்லினுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் நின்றார். நல்ல மனிதர். பேசவே மாட்டார். வெர்லினுக்கு எழுபத்து நான்கு வயது. இன்னும் எத்தனை கோடை ஆட முடியும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதில் ஒன்றையாவது டுவேன் பக்கத்தில் நின்று ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

டுவேன் இந்த முறை ஓர் அணிக்குத் தலைவரானார். சொந்தக்காரர்களைத் தலைவர் தம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவருடைய மருமகன் ஒன்பது மதிப்பெண் ஆசாமி. ஒன்பதை வைத்துக்கொண்ட பிறகு மிச்ச இடங்களுக்குச் சில்லறை எண்கள்தான் கட்டுப்படியாகும். மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாள், காப்பிக்கடையில் பழம் வைத்துச் சுட்ட பை தின்றுகொண்டிருக்கும்போது டுவேன் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உனக்கு ஏழு போட்டாங்கன்னா என்னால எடுக்க முடியாதுடா. நாலுன்னா எடுத்துக்குவேன். தேர்வு நாள்ல கொஞ்சம் நொண்டு. ரெண்டு பந்தை விடு. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு நாள் பதுங்கேன்."

வெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. லீக்கைத் தொடங்கியவனே விதியை ஏமாற்றுவதா என்று கேட்டார். டுவேன் தட்டில் மிச்சமிருந்ததைத் தின்று முடித்தார். இரண்டு நாள் கழித்து வெர்லின் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தக் கால் என்று மட்டும் கேட்டார்.

கார் கொட்டகையில் ஒத்திகை நடந்தது. நொண்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். மனது வைத்து நொண்டினால் இடுப்பு ஒரு பக்கம் போகிறது, தோள் ஒரு பக்கம் போகிறது. மார்வா கதவில் சாய்ந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல இடது காலு. இப்ப வலது காலு. எதுன்னு முடிவு பண்ணிட்டு சாப்பிட வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேர்வு நாளில் காற்று பலமாக அடித்தது. புதிதாகச் சேர வந்தவர்களே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வெர்லின் யார் என்றே தெரியாது. அவர் இடது காலை இழுத்துக்கொண்டு தம் இடத்துக்குப் போய் நின்றார். தரையோடு வந்த இரண்டு பந்துகளைத் திட்டப்படி விட்டார். ரொம்பவும் மிகையாகப் போய்விடக்கூடாதே என்று மூன்றாவதைப் பிடிக்க நினைத்தார். அதுவும் கையுறைக்குக் கீழே புகுந்து போய்விட்டது. அதையும் நடிப்புக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். முதல் பேஸுக்குப் பாதி வேகத்தில் ஓடுவதாகத் திட்டம். பாதி எங்கே முடிகிறது என்பது அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஓடி நின்றபோது மூச்சு வாங்கியது. புதியவர்களில் ஒருவர், ஐம்பத்து மூன்று வயது இருக்கும், தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"பெரியவரே, உக்காருங்க. தண்ணி கொண்டாரவா?"

வெர்லினுக்கு அவமானத்தில் காது சுட்டது. நான் இந்த மைதானத்தில் சோளம் வெட்டி வழி பண்ணியபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டால் நொண்டி வேஷம் கலைந்துவிடும். தண்ணீரை வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இதெல்லாம் நடிப்பு, வெறும் நடிப்பு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதும் இடது கால் இழுத்தது. பழக்க தோஷம் என்று நினைத்தார்.

நடிப்பு பலித்தது. ஆள் எடுத்த அன்று மாலை டுவேன் கூப்பிட்டு, "வந்து சேருடா," என்றார். வெர்லின் சமையலறையில் மார்வாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

மே மாத முதல் ஆட்டம் கர்ட் லிண்ட்ஸ்ட்ரோம் அணியோடு. கர்ட் எண் போடும் குழுவிலும் இருப்பவர், நேர்மையான ஆள், புகார் கொடுப்பதில் தயவுதாட்சண்யம் பார்க்காதவர். ஒரு காலையில் இரண்டு ஆட்டம் வழக்கம். முதல் ஆட்டத்தைப் பற்றிய புகாரை, இரண்டாவது தொடங்குவதற்குள் நேரில் வந்து சொல்லிவிட வேண்டும்.

வெர்லின் இனி எதையும் ஒளிப்பதில்லை என்று இறங்கினார். நொண்டவில்லை. முழுமூச்சாக ஓடினார். ஒருமுறை பந்தை இருவருக்கு நடுவில் அழகாகத் தள்ளி முதல் பேஸை எட்டினார். இன்னொருமுறை பந்து அவருக்கு முன்னால் பேஸுக்குப் போய்ச் சேர்ந்து, அவுட்டாகிவிட்டார். பக்கத்தில் டுவேன் நின்று, கையுறையா சல்லடையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதில் வெர்லினுக்கு அப்படியொரு சந்தோஷம். டுவேனின் மருமகன் அடித்த அடியில் அணி ஜெயித்தது. வெர்லின் மட்டும் இதில் தம் பங்கு பெரிதென்று நம்பினார். கர்ட் இப்போது வருவார், பதுங்கி என்பார், டுவேனுக்குச் சங்கடமாகும். ஆனாலும் அந்த வார்த்தையைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

கர்ட் வந்தார். கையில் பாதி தின்ற வாழைப்பழம் இருந்தது. வெயில் நல்லா இருக்கு, இல்லையா என்றார். வெர்லினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"புகார்தானே? குடுத்துக்குங்க. நான் மறுக்க மாட்டேன்."

"என்ன புகார்?"

"என்னைப் பத்தித்தான். தேர்வு நாள்ல நான் நொண்டினது நடிப்பு."

கர்ட் வெர்லினைப் பார்த்தார். பிறகு டுவேனைப் பார்த்தார். டுவேன் தரையில் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். கர்ட் பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கெட்ட குணம்.

"இல்லீங்க வெர்லின். போன வருஷமே உங்களுக்கு மூணுதான். அன்னிக்கு அந்தக் காலை வெச்சிக்கிட்டு நீங்க விடாம ஓடினதைப் பாத்துத்தான் நாலாக்கினோம்."

வாழைப்பழத்தோல் கையில் தொங்க, அவர் தம் ஆட்களிடம் திரும்பிப் போனார். வெர்லின் நின்ற இடத்திலேயே நின்றார். மூணு. தேவாலயத்துக் கதவருகே பாட்டுப்புத்தகம் கொடுக்கிற கிழவர் ஹென்ட்ரிக்குக்கு எண்பத்தொரு வயது, அவர் மூணு என்று, குழுவில் இருந்தபோது சொல்லிச் சிரித்தவர் வெர்லின். இப்போது அழுகை வரும்போல இருந்தது. அழவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு டுவேன் பக்கம் திரும்பாமல் தம் இடத்துக்குப் போனார். இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. டுவேன் இரண்டுமுறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பல் டாக்டரிடம் பேசியதுபோல ஆயிற்று.

நாலாவது சுற்றில் வெர்லின் அடித்த பந்து வேலியோரம் வரை போனது. இளையவனாக இருந்தால் இரண்டு பேஸ் ஓடியிருப்பான். அவர் முதல் பேஸில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கால் முடியாதவர் முதல் பேஸை எட்டிக் கையைத் தூக்கினால் போதும், மிச்சத்தை வேறொருவர் ஓடுவார். இந்த விதியை மற்றவர்களுக்காக எழுதியவர் வெர்லின். அவர் ஒருநாளும் கையைத் தூக்கியதில்லை. டுவேன் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்; ஆள் அனுப்பவும் தைரியம் இல்லை, சும்மா இருக்கவும் மனமில்லை. வெர்லின் நிமிர்ந்து கையைத் தூக்கினார். மருமகன் ஓடி வந்து அவர் இடத்தில் நின்றான்.

வெர்லின் வெளியே வந்தார். பெஞ்சில் நிறைய இடம் இருந்தது. டுவேன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். கோபம் போய்விடவில்லை.

"மூணுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா அத்தனை பேர் முன்னாடி என்னை நொண்ட விட்டே?"

டுவேன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சும்மாவே எடுத்திருந்தா, எப்படிக் கட்டுப்படியாச்சுன்னு கேட்டிருப்பே. நான் மூணுன்னு சொல்ல வேண்டி வந்திருக்கும். சொன்ன பெறகு நீ இங்க ஆட வந்திருப்பியா?"

மருமகன் இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். வெர்லின் அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திருக்க மாட்டேன்," என்றார்.