நேற்றே வந்த பெட்டிகள்

பெட்டி புதன்கிழமை காலை வந்து சேர்ந்தது. அதற்கான ஆர்டர் வியாழக்கிழமை மதியம்தான் போடப்பட்டது. வாங்கிய கணக்கு டீச்சருக்கு இதில் இருந்த ஒரே மனக்குறை, சக்கரம் ஒன்று கிரீச்சிட்டது என்பதுதான். எண்ணெய் விடச் சொல்லிவிட்டுக் கூரியர்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அனுப்பியவள், பயணப் பெட்டிகளை இணையச் சந்தையில் விற்றுவந்த தம்பதியில் ஒரு பாதி. மறு பாதியைத் தெருவே டைரக்டர் என்றது. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருந்தது, கார்டை அடித்தவர் அவரேதான். ஆரம்பத்தில் எல்லாப் பெட்டிகளும் வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டு, அவள் கையால் சுற்றப்பட்டு, டேப் ஒட்டப்பட்டுப் போயின. பிறகு டைரக்டர் ஏதோ ஒரு ஹோட்டல் கூட்டத்துக்குப் போய்வந்து, சரக்கில் பாதியைச் சந்தைக் கம்பெனியின் கிடங்குக்கு ஏற்றிவிட்டார். அந்தப் பாதியைக் கம்பெனியே வைத்திருந்து, கம்பெனியே கட்டி அனுப்பும். மீதி வழக்கம்போல வீட்டிலிருந்து போகும். ஒரு பக்கம் படுத்தால் மறுபக்கம் தாங்கும் என்பது ஏற்பாடு. இதற்கு இருமுனை விநியோக வியூகம் என்று பெயர் வைத்து, அதைச் சொல்லும்போதெல்லாம் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

“வியூகமாம். ரெண்டாவது குடித்தனம் வச்சவங்களும் இப்படித்தான் ஏதாவது பேர் சொல்லிக்குவாங்க,” என்றாள் அவள்.

ஒரு வருடத்தில் எந்தப் பக்கம் குறைவாக அனுப்புகிறதோ, அந்தப் பக்கத்துக்காரர் வியாபாரத்தையும் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும் என்று இருவரும் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இணையச் சந்தையில் யார் சீக்கிரம் தருவதாகச் சொல்கிறார்களோ, ஆர்டர் அவர்களுக்குத்தான் போகும். கிடங்கு மறுநாளே என்றது. அவள் அன்றைக்கே என்றாள். கிடங்கும் அன்றைக்கே என்றது. ஏதோ தானே சுமந்துகொண்டு ஓடியதுபோல டைரக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த ஆத்திரத்தில், அனுப்ப எத்தனை நாளாகும் என்று கேட்கும் கட்டத்தில் மைனஸ் ஒன்று என்று அடித்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். அவளுக்குச் சொன்னதைத் திரும்பப் பெற்றுப் பழக்கமில்லை. கம்பெனியின் இயந்திரமும் மறுக்கவில்லை. அதற்கு வேண்டியது ஓர் எண், அவ்வளவுதான். வியாழக்கிழமை ஆர்டர் வந்ததும் பெட்டியைக் கட்டி வைத்தாள்.

“அக்கா, இதை நேத்தே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்,” என்றார் கூரியர்காரர். “இன்னைக்கு உங்ககிட்ட வந்து எடுக்கலைன்னா கணக்கு இடிக்கும்.”

கிடங்கு மைனஸ் இரண்டுக்கு இறங்கியது. அவள் ஒரு வாரம் இறங்கினாள். கொஞ்ச நாளில் இரு தரப்பும் மாதக்கணக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தன. பெட்டி வந்தால் பயணம் வரும் என்று ஊரும் பழகிவிட்டது. ஒரு வீட்டில், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே அவன் துணிகளை அடுக்கி வாசலில் வைத்தார்கள். குமாஸ்தா ஒருவருக்குப் பெரிய பெட்டி வந்தது. பின்னாலேயே அவரைத் தொலைதூரக் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். அவர் சண்டைக்கு வந்தபோது, சாமான் எல்லாம் அடங்கியதா என்று மட்டும் அவள் கேட்டாள். டைரக்டரோ இதையெல்லாம் தேவைக்கு முந்திய சேவை என்று மேடையில் பேசி ஒரு கேடயம் வாங்கிவந்தார்.

வருட முடிவு நெருங்கியபோது கிடங்கு முந்தியிருந்தது. தனக்கு மேஜை போடுவதற்காக டைரக்டர் கூடத்தை அளந்துகொண்டிருந்த ஒரு காலையில், கூரியர்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டி ஒன்றை வாசலில் இறக்கினார். சீட்டில் டைரக்டரின் பெயர். கட்டியிருந்த விதம் அவளுடையது. மூலைகளில் டேப்பை இரட்டையாக மடித்து ஒட்டுபவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

“என்னடி இது, நீயா அனுப்புன?”

“இன்னும் இல்ல.”

டைரக்டர் கம்பெனிக்குப் போன் செய்தார். திருப்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஆர்டர் போடப்பட்ட பிறகுதான் என்றது ஒரு பணிவான குரல். ஒரு மாதம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிடங்கு முந்துவதைச் சுட்டிக்காட்டினார், வியூகத்தை முதலிலிருந்து விளக்கினார். அந்த ஊரில் வந்த பெட்டியோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

“சட்டையெல்லாம் மடிச்சு வைங்க, சுருட்டாதீங்க. இடம் பத்தாது,” என்றாள் அவள், வேறொரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

அவர் மடித்துத்தான் வைத்தார். கேடயம் மட்டும் அடங்கவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் அவள் அவர் பெயரில் ஆர்டர் போட்டு, கூடத்து அடுக்கிலிருந்து அந்தப் பெரிய பெட்டியை எடுத்துத் துடைத்து, மூலைகளை மடித்து ஒட்டிக் கொடுத்தாள். கூரியர்காரர் அதை வண்டியில் கட்டிக்கொண்டு, போன மாதத்துக்குக் கிளம்பினார்.