கண்டக்டர் வீட்டு பிஸ்கட்

மூன்றாவது மாடித் தையல்காரிக்கு அந்தச் சனிக்கிழமை வந்த கோபத்தில், அடுப்பே இல்லாமல் பிஸ்கட் வெந்திருக்கும்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. நான்கு வாண்டுகளை அடக்க அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி, வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசைந்து பிஸ்கட் சுடுவது. வட்டமாகத் தட்டி, அதற்கென்றே வாங்கிவைத்த சீப்பால் வரிசையாகத் துளை போடுவார். வெந்ததும் "டிக்கெட், டிக்கெட்!" என்று கூவிக் கொடுப்பார். மனிதர் போய் ஆறு வருஷமாகிறது. நினைப்பு வரும்போதெல்லாம் மகள் ஒரு தட்டு சுட்டுவிடுவாள்.

போன மாதம் கணவனின் ஆபீசுக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்து, அப்பா கதையையும் சொல்லியனுப்பினாள். டப்பா காலியாகத் திரும்பியது. கதை என்ன ஆனதென்று கணவனின் மேனேஜரம்மா வீட்டுக்கு வந்த அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

அந்த அம்மாள் நேராக மாமனாரிடம் போனார். "சீப்பால பிஸ்கட் செஞ்ச அப்பா நீங்கதானா? உங்க பையன் சொல்லக் கேட்டு ஆபீசே உருகிப்போச்சு சார்!"

மாமனாரா! பத்திரப்பதிவு அலுவலகத்தில் ரிட்டயரானவர். தண்ணீர் பாட்டில் ஒரு முழம் தள்ளியிருந்தாலே மருமகளுக்குக் குரல் கொடுப்பவர். ஒரு விநாடி விழித்தார். பிறகு கூச்சமே இல்லாமல் மீசையை நீவிக்கொண்டார்.

"ஏதோ, பிள்ளைங்களுக்காக..."

தையல்காரி கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னங்க இது?"

"விடும்மா, பேச்சுவாக்குல வந்துடுச்சு. கண்டக்டர்னு சொன்னா..."

"சொன்னா?"

"அங்க எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைங்க."

"எங்கப்பா பிஸ்கட் வேணும், எங்கப்பா வேண்டாமா?"

விருந்தாளிக்காகத் தட்டிவைத்த மாவு தட்டிலேயே இருந்தது. அதைச் சீப்போடு தூக்கிக்கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தாள்.

"மாமா, மேடம் ஆசையா வந்திருக்காங்க. நீங்களே குத்திக் காட்டுங்க."

அவர் தலை வாருகிற வாக்கில் சீப்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். முதல் வட்டம் மொத்தமும் சீப்போடு ஏறி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொடவில்லை.

"எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதும்மா. இது எங்க சம்பந்தி கைவேலை" என்றவர், மகன் பக்கம் சீறினார். "முன்னாடியே சொல்லியிருந்தா ஒத்திகையாவது பார்த்திருப்பேனேடா!"

மேனேஜரம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அப்போ யாருப்பா அந்த அப்பா?"

"இவங்கப்பா மேடம். பஸ் கண்டக்டர்" என்றான், கால் கட்டைவிரலைப் பார்த்தபடி.

"இதுல மறைக்க என்ன இருக்கு?"

"அதைத்தான் மேடம் நானும் கேட்டேன்" என்றாள் தையல்காரி. அவனிடம் திரும்பினாள். "எத்தனை பேர்கிட்ட அளந்தீங்களோ அத்தனை பேர்கிட்டயும் மாத்திச் சொல்லணும். நான் கேக்கணும்."

அன்று சுட்டதில் மேனேஜரம்மாவுக்கு ஒரு பொட்டலம் போனது. உண்மையை ஒப்புக்கொண்ட மாமனாருக்கு இரண்டு பிஸ்கட் கிடைத்தன. கணவன் வாசனை பிடித்ததோடு சரி.

திங்கட்கிழமை மதியம் கணவனின் ஆபீசிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பின்னால் டிபன் பாக்ஸ்கள் திறக்கிற ஓசை. "அது எங்கப்பா இல்லீங்க, என் மாமனார். பஸ் கண்டக்டரா இருந்தார்" என்று அவன் எல்லோரிடமும் சொல்வது கேட்டது.

"கேட்டியாம்மா?" என்றான் போனில்.

தையல் மெஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "மெஷின் சத்தத்துல சரியா கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."