விதைக்கல்

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமலே எத்தனையோ வேலைகளைச் செய்துவிடலாம். துணி மடிக்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம். கல் வளர்க்க மட்டும் முடியாது. இது அவனுக்கு உறைத்தபோது கலனின் மூடி இறுகி, உள்ளே சூடு ஏறி நாட்களாகியிருந்தன.

ஆய்வுக்கூடத்தின் பின்புற அறையில் அவர்கள் செய்துகொண்டிருந்தது பூமியின் வேலையை. நிலத்தின் ஆழத்தில் வெந்நீர் பாறையைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலேறும். சூடு தணிகிற இடத்தில் கரைந்ததைப் படியவிடும். அப்படித்தான் படிகம் பிறக்கிறது. பூமிக்கு அதற்கு யுகங்கள் வேண்டும். இவர்கள் ஆளுயர எஃகுக் கலனுக்குள் அதைச் சில வாரங்களில் நடத்தினார்கள். அடியில் மூலப்பொருளின் துண்டுகள். மேலே கம்பியில் தொங்கும் விதைக்கல், கரைந்தது வந்து படிந்து வளர வேண்டிய சிறு துண்டு. நடுவே ஒரு துளைத்தட்டு. கீழ்ச்சூட்டைக் கீழேயே பிடித்து நிறுத்துவது அதுதான். அது இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒரே சூடாகி, விதையும் கரைந்துவிடும்.

அவர்கள் வளர்க்க முயன்றது பூமி செய்ய மறந்துபோன ஒரு கல். உலைச் சூட்டிலும் மங்காத, தண்ணீர் போலத் தெளிந்த கல். விரிசல் இல்லாத விதை ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. இந்த முறையும் வரவில்லையென்றால் அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். அவனுக்குக் கல் அறுக்கும் பட்டறையில் இடம் உண்டு. அவளுக்கு இந்த அறை போனால் எல்லாம் போச்சு.

அதனால் அவள் தொலைவில் ஒரு நகரத்தில் வேலைக்குச் சொல்லிவைத்தாள். அவனிடம் சொல்லவில்லை, படுக்கையில் கிடக்கும் மாமியாரிடம் மட்டும் சொன்னாள். மாமியார் வாயில் அது ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை.

"மருமக கிளம்பறாளாமேடா? உனக்குத் தெரியாதா? அப்ப நான் எதுவும் சொல்லலப்பா."

கலனை நிரப்பும்போது ஒருவர் இறக்கும் பொருளின் பேரைச் சொல்ல, மற்றவர் "போயாச்சு" என்று பதில் தர வேண்டும். அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். அம்மா அதைச் சொன்ன மறுநாள் காலை கலனை நிரப்பியபோது இருவரும் வாயே திறக்கவில்லை. அவள் கை நீட்டினாள், அவன் கொடுத்தான். இடையில் அவள் தண்ணீர் அளக்கத் திரும்பினாள். துளைத்தட்டை அவன் இறக்கியிருப்பான் என்று அவளும், அவள் இறக்கியிருப்பாள் என்று அவனும் நினைத்துக்கொண்டார்கள்.

சில நாட்கள் கழித்துத் தட்டைக் கண்டெடுத்தவர் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் நட்டு அண்ணன்.

"தம்பி, யாருது இந்தச் சல்லடை? டீ கிளாஸ் வைக்க அருமையா இருக்கு. சிந்தினாலும் தேங்க மாட்டேங்குது."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது எங்க இருந்துச்சு?"

"இங்கதான், துணிக்கு அடியில. ஏன்யா முகம் இப்படிப் போகுது? கழுவிக் குடுத்துடறேன்."

அவன் அவளைக் கூப்பிட்டான். வந்தவள் தட்டைப் பார்த்தாள், பிறகு கலனைப் பார்த்தாள்.

"நீங்க இறக்கலையா?"

"நீ இறக்கிட்டேன்னு நினைச்சேன்."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம். இதை மட்டும் இல்ல, வேலை விஷயத்தையும்தான் சொல்றேன்."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பீங்க. இப்ப மட்டும் இறக்கியா வச்சிருக்கீங்க?"

நட்டு அண்ணன் டீயோடு நைசாக நழுவினார்.

"அணைச்சிடலாமா?" என்றான் அவன்.

"சட்டுனு ஆறினா விதை வெடிச்சிடும்."

"விட்டா?"

"கரைஞ்சிடும். இந்நேரம் என்ன மிச்சமோ."

சூட்டை மெல்ல மெல்ல இறக்குவதைத் தவிர வழியில்லை. இறங்குகிற வழியிலும் விதை கரையலாம். கலனுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்களைப் போல இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போவதும் வருவதுமாக நாட்கள் போயின. ஒரு மதியம் அவள் தன் டப்பாவைத் திறந்து பாதியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் மறுக்கவில்லை.

மூடியைத் திறந்தபோது கம்பி வளையம் அப்படியே தொங்கியது. வளையத்தில் விதை இல்லை.

அவள் விளக்கைச் சாய்த்துக் காட்டினாள். கலனின் உட்சுவர் முழுக்கக் கடுகளவு படிகங்கள் மின்னின. ஒன்றுகூட விதைக்கு ஆகாது.

"இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் வந்ததே இல்ல," என்றான் அவன்.

"ம்."

விளக்கை இறக்கிக்கொண்டே, "அந்த ஊருக்கு நீங்களும் வாங்களேன்," என்றாள்.

"அம்மா?"

"அத்தையையும் கூட்டிக்கிட்டு."

"அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"தெரியும். சும்மா கேட்டேன்."

போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. இந்த அறையும் போன பிறகு இங்கே இருந்து அவள் என்ன செய்வாள்? விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் செல்போனோடு வராந்தாவுக்குப் போனாள்.

"ஆமாங்க... இல்லங்க, இங்க முடிஞ்சிடுச்சு... வந்துடறேங்க," என்று அவள் குரல் கேட்டது.

கலனைச் சுத்தமாக ஒப்படைக்கச் சொல்லி இயக்குநர் அம்மாவின் உத்தரவு. அவன் உளியை எடுத்துச் சுவரைச் சுரண்டினான். கல் பெயரவே இல்லை.